இருபத்தெட்டாம் கடிதம்

சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவர் ஒட்டிய கடைசி வயதுக்காரர்கள் நாம்தான் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்தைத் தாண்டிய நம்மில் பலர் இப்போது பிள்ளைகளுக்குக் கடிதம் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்கிறோம். விளக்கும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். ஒரு கடிதம் போய்ச் சேர்வது வேறு, அது படிக்கப்படுவது வேறு. இரண்டுக்கும் நடுவே சில நாள்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருமுறை அது எத்தனை நாள் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தார். பாண்டிச்சேரிக் கடற்கரையில் இருக்கிறதே, அதில் இல்லை. அந்தமானுக்கும் தெற்கே ஒரு சின்னத் தீவில். என் பள்ளிக்கூட அட்லசில் அந்தத் தீவு கிடையாது. அப்பா காட்டிய இடத்தில் நானே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. பின்பக்கம் திருப்பினால் அந்த ஓட்டை ராஜஸ்தானில் இருக்கும்.

நானும் அம்மாவும் முதலியார்பேட்டையில், மில் சங்கு காதைப் பிளக்கும் தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். தீவுக்குப் போன் கிடையாது. வயர்லெஸ் பெட்டி ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைக் கூப்பிட்டு விளக்கு எரிந்தது, ஆள்கள் நலம் என்று சொல்வதற்கு. வீட்டு விஷயம் பேச அது இல்லை. யாராவது இறந்தால் மட்டும் அலுவலகம் அதில் சொல்லும்.

தீவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே என்னென்ன இருந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கோபுரம். அதில் இருநூறுக்கும் மேல் படிகள். நான்கு ஆள்கள். மழைத் தண்ணீர்த் தொட்டி. இரண்டு ஜெனரேட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். ஏழு கோழிகள். ஒரு கேரம் பலகை. வெள்ளைக் காய் ஒன்று தொலைந்துபோனதால் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான். விளக்கைச் சுற்றி ஆள் உயரக் கண்ணாடி வில்லை. பகலெல்லாம் அதைத் திரை போட்டு மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் வெயில் அந்தக் கண்ணாடி வழியாகக் குவிந்து உள்ளே இருப்பதைக் கருக்கிவிடும். பொழுது விடிந்ததும் திரையை இழுப்பதும் பொழுது சாய்ந்ததும் விலக்குவதும் அப்பாவின் வேலை. "மத்தவங்கல்லாம் பொழுது விடிஞ்சா ஜன்னல தொறப்பாங்க, நாங்க மூடுவோம்" என்பார்.

மாதம் ஒருமுறை படகு வரும். அரிசி, டீசல், காய்கறி, ஒரு மாதத்துச் செய்தித்தாள்கள், கடிதங்கள். பவளப்பாறை இருப்பதால் படகு தள்ளியே நிற்கும். ரப்பர் தோணியில் மூட்டைகளை இறக்குவார்கள். மூன்று மணி நேரம்தான். அலை ஏறுவதற்குள் விடுமுறைக்குப் போகிறவரை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். அதன் பிறகு அடுத்த மாதம்தான்.

அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வரும் முப்பது நாள்களை எப்படிக் கழிப்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. செய்தித்தாள்களைப் பழைய தேதி மேலே வருகிற மாதிரி அடுக்கி வைத்து, ஒரு நாளைக்கு ஒன்று படிப்பார்கள். அடியில் இருப்பதை யாரும் தொடக் கூடாது. உலகத்துக்கு ஒரு மாதம் பிந்தி வாழ்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் புதிதாக ஒரு காலை இருந்தது. ஒருமுறை கடலூர்க்காரர் ஒருவர் கிரிக்கெட் முடிவு தெரியாமல் தாங்க மாட்டாமல் அடித்தாளை உருவிப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது வாய்தவறி, "கடைசி ஓவர்ல தோத்துட்டானுவ" என்று சொல்லிவிட்டார். மற்ற மூன்று பேரும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "அன்னிக்கி சமையல் அவன் முற. கொழம்புல உப்பே இல்ல. அதக் கூட யாரும் சொல்லல" என்று அப்பா சொல்லும்போது அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கடிதத்துக்கும் அதே முறைதான். அம்மா தினமும் ஒன்று எழுதுவாள். மாதக் கடைசியில், விடுமுறை முடிந்து தீவுக்குத் திரும்புகிற யாராவது வீட்டுக்கு வந்து மொத்தக் கட்டையும் வாங்கிப் போவார்கள். அப்பா மாலையில் விளக்கேற்றிய பிறகு ஒரே ஒரு கவரைப் பிரிப்பார். ஒன்று என்றால் ஒன்றுதான்.

"மொத வருசம் தெரியாம எல்லாத்தையும் ஒரே நாள்ல படிச்சிட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். "ஒரு மாசத்த ஒரு மணி நேரத்துல வாழ்ந்தாப்ல ஆயிடுச்சி. மிச்ச நாளெல்லாம் செவுத்தையே பாத்துக்கினு குந்தினு இருந்தேன்."

கவர்களுக்கு எண் போடுவது என் வேலை. இடது மேல் மூலையில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக. எண் போட்டு, சரிபார்த்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவேன். எனக்கு ஒன்பது வயது. அந்த வேலையை அப்பா எனக்குக் கொடுத்தபோது, "வரிச மாறிடக் கூடாது. மாறுனா எனக்கு நாளே மாறிடும்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு அது.

இனி அந்த அடைமழைக் காலத்துக்கு வருகிறேன்.

அம்மா கர்ப்பமாக இருந்தாள். தை மாதம் பிரசவம் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அப்பாவுக்கு விடுமுறை முறை வந்திருந்தது. ஆனால் இப்போதே வந்துவிட்டால் பிரசவ நேரத்தில் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அதனால் தன் முறையைக் காரைக்கால்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த மாதப் படகில் வந்து இரண்டு மாதம் இருப்பதாக ஏற்பாடு. நல்ல திட்டம். அம்மாவும் சம்மதித்திருந்தாள்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் காலை அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் இரண்டு மூன்று இடங்களில் அழுத்திப் பார்த்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்தா வீட்டம்மா என்று ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து இறந்துபோனவர். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு சொல்தா வீடு என்றுதான் பெயர். தெருவிலேயே போன் இருந்த ஒரே வீடும் அதுதான். அவர்தான் ஆட்டோ பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் அம்மாவைத் திருப்பி அனுப்பவில்லை. பிரஷர் ஏறியிருக்கிறது, படுக்கையில்தான் இருக்க வேண்டும், குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கலாம், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார். அம்மா என் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லி, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே எழுதினாள். எழுதியதை மடித்து, சொல்தா வீட்டம்மா வாங்கிவந்த கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"சாயங்காலம் கடலூர்க்காரரு வருவாரு. ராத்திரி பஸ்ஸுக்கு மெட்ராஸ் போறாரு. இத மேல வெச்சிக் கட்டு. அப்பா இதத்தான் மொதல்ல பிரிக்கணும்."

"சரிம்மா."

"என்னா சொன்னேன்?"

"மேல வெக்கணும்."

"ம். யாரு கேட்டாலும் அம்மா செக்கப்புக்குப் போயிருக்கான்னு சொல்லு. இதெல்லாம் ஆம்பளைங்ககிட்ட பேசற விசயம் இல்ல. அங்க நாலு பேரு இருக்காங்க, நாலு விதமா பேசுவாங்க."

வீட்டுக்கு வந்தேன். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மதியச் சோற்றுப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பருக்கையை எடுத்து நசுக்கி அந்தக் கவரை ஒட்டினேன். கட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒன்று முதல் இருபத்தேழு வரை.

இதற்கு மேல் எழுதப்போவதை நான் பலமுறை மனத்துக்குள் எழுதி அடித்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். கயிற்றை அவிழ்த்தேன். புதுக் கவரை மேலே வைத்தேன். அதில் எண் இல்லை. எண் இல்லாமல் ஒரு கவரை அனுப்பியதே இல்லை. ஒன்று என்று போடலாம் என்றால் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை இரண்டாக்கினால் இரண்டை மூன்றாக்க வேண்டும். இருபத்தேழு கவர்களிலும் அடித்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அப்பாவுக்கு எது சரி என்று தெரியாது. சுழியம் என்று ஓர் எண் இருப்பது எனக்குத் தெரியும். அதை ஒரு கவரின் மேல் எழுதலாம் என்று தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றியது. அம்மா அவசரக்காரி. அப்பா அனுப்பும் கடிதங்களை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். இப்போது அப்பாவையும் அப்படிப் படிக்கச் சொல்கிறாள். ஆறாம் கவரில் என் ரேங்க் இருக்கிறது. பதினான்காம் கவரில் நான் வரைந்த கப்பல் இருக்கிறது. கடைசிச் செய்தியை முதலில் படித்துவிட்டால் அதெல்லாம் என்னாவது. அது கிரிக்கெட் முடிவைச் சொல்லிவிடுவது மாதிரி.

கவரின் மூலையில் இருபத்தெட்டு என்று எழுதினேன். அடியில் வைத்தேன். கட்டினேன்.

கடலூர்க்காரர் ஐந்து மணிக்கு வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியதால் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அம்மா இல்லியா பாப்பா?"

"செக்கப்புக்குப் போயிருக்காங்க."

"பயப்பட ஒண்ணும் இல்லியே?"

"நல்லா இருக்காங்க."

கட்டை வாங்கிப் பாலித்தீன் பையில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். "உங்கப்பனுக்கு எதனா சேதி சொல்லணுமா?"

"தெனம் ஒண்ணுதான் பிரிக்கணும்னு சொல்லுங்க. உங்களாட்டம் அடியில இருக்கறத உருவிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடி கழுத. அதயும் உங்கிட்ட சொல்லிட்டானா உங்கப்பன்? சரி, சொல்றேன்."

சொல்லியிருக்கிறார். பிறகு தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் தம்பி பிறந்தான். அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். வார்டு கண்ணாடி வழியாக ஒரு நர்ஸ் எனக்குக் காட்டினார். என் அளவுகோலைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருப்பான் என்று நினைத்தேன். நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. அம்மாவிடம் ஓடிப் போய், "மூச்சு விடறான்" என்று சொன்னேன். அம்மா, "ஆமா, விடறான்" என்றாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "படகு போயிருக்கும். ஏறியிருப்பாரு. இன்னும் மூணு நாலு நாள்ல வந்துடுவாரு."

சரியாக மூன்றாம் நாள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். உடை மாற்றிக்கொள்ள சொல்தா வீட்டம்மாவோடு நான் வந்திருந்த நேரம். ஓடிப் போய்த் திறந்தேன். கறுத்து மெலிந்த ஓர் ஆள், தோளில் பை. அப்பாவின் மேல் வரும் அதே வாசனை, டீசலும் உப்பும். ஆனால் அப்பா இல்லை. காரைக்கால்காரர். ஊருக்குப் போகிற வழியில் அப்பா கொடுத்த கடிதக் கட்டைச் சேர்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். குழந்தை பிறந்தது தெரிந்ததும் அப்படியே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார்.

அம்மா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். கதவு வரைக்கும் பார்த்தாள்.

"அவரு வரலீங்களா?"

"இல்லம்மா. இது அவரு முறதான். எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன். படகுல ஏறும்போதுகூட கடசியா ஒரு வாட்டி கேட்டேன். நீ போயா, நான் அடுத்த மாசம் போயி புள்ளயப் பாத்துக்கறேன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு."

"கடுதாசிக் கட்டு கெடச்சிதா அவருக்கு?"

"கெடச்சிதே. கடலூர்க்காரன் எறங்குனதும் மொத வேலயா அதத்தான் குடுத்தான். நெஞ்சோட வெச்சிக்கினு போனாரு."

வந்தவர் வாழைப்பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சொல்தா வீட்டம்மாதான் பேசினார். "நான் போன் போட்டு ஆபீசுல சொல்றேம்மா. வயர்லெஸ்ல சொல்லுவாங்க. எதனா கப்பல் அந்தப் பக்கம் போனா ஏத்தி உடமாட்டாங்களா?"

"வேணாங்க."

"ஏன்மா? பச்சப் புள்ள பொட்டியில கெடக்குது."

"படிச்சிட்டுத்தானே வரல. வான்னு எழுதியிருந்தேன். படிச்சிட்டு, சிரிச்சிக்கினே இன்னொருத்தர ஏத்தி உட்டிருக்காரு. அதுக்கு மேல ஊரக் கூட்டியா கூப்புடணும்?"

நான் கட்டில் காலடியில் எவர்சில்வர் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதில் ரசஞ்சோறு இருந்தது, கைப்பிடி சுட்டது. படகு தீவுக்குப் போன நாளிலிருந்து எண்ணினேன். அப்பா நேற்று ஆறாம் கவரைப் பிரித்திருப்பார். இன்று மாலை ஏழு. ஏழாம் கவரில் குளியலறைக் குழாய் ஒழுகுகிற விஷயம் இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும். "அம்மா, நான் அடியில வெச்சிட்டேன்." சொல்தா வீட்டம்மா ஓடிப் போய்ப் போன் போட்டிருப்பார். கப்பல் கிடைத்திருக்குமோ இல்லையோ, அம்மாவுக்காவது விஷயம் தெரிந்திருக்கும்.

நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "சாப்புடும்மா" என்று சொன்னேன்.

தம்பி இன்னும் எட்டு நாள் இருந்தான். மொத்தம் பதினொரு நாள். அம்மாவின் அண்ணன் வந்து, ஒரு புதுத் துண்டில் சுற்றி, மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்து எடுத்துப் போனார். பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மாவின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஆண் குழந்தை என்று இருந்தது. அன்று அம்மாவைக் கேட்காமலேயே சொல்தா வீட்டம்மா அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுநாள் காலை எட்டு மணி வயர்லெஸில் அப்பாவுக்குச் சொன்னார்கள்.

அடுத்த படகு வந்து, கப்பல் பிடித்து அவர் வீடு வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. தெருவெல்லாம் பெரிய பெரிய கோலம். எங்கள் வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்திருந்தது.

அப்பா பையை இறக்கி வைத்தார். என்னைத் தூக்கவில்லை, என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் எழுதுனத படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்போ?"

என் தலை மேலிருந்த கை லேசாக அழுத்தியது.

"கட்டு வந்த அன்னிக்கே. மொதல்ல அதத்தான் பிரிச்சேன்."

"படிச்சிட்டா அவர ஏத்தி உட்டீங்க?"

"அவரு வூட்லயும் கஷ்டம்னு சொன்னாரு. ஒரு மாசந்தானேன்னு நெனச்சேன்."

அம்மா உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து அவரை "என்னாங்க" என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு." "உங்கப்பாவுக்குத் துண்டு வேணுமான்னு கேளு." எல்லாம் என் வழியாகத்தான் போகும். நான் பள்ளிக்கூடம் போயிருந்தால் தட்டின் சத்தம்தான் அழைப்பு.

அப்பா திருப்பிக் கொண்டுவந்த கடிதங்களை நான் பார்த்தேன். எல்லாம் பிரிக்கப்பட்டு, அதே சணல் கயிற்றில். ஒன்று முதல் இருபத்தேழு வரை என் சிவப்பு எண்கள். இருபத்தெட்டு இல்லை. அம்மாவும் பார்த்தாள். எண் போட்ட இருபத்தேழு கவர்கள். அவள் எழுதிய அந்த ஒன்று மட்டும் தனியாக மேலே இருந்து முதலில் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதை எங்கோ போட்டுவிட்டார் என்றுதானே அவளுக்குத் தோன்றும். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

அதன் பிறகு அம்மா தினமும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அரிசி, பள்ளிக்கூடம், காய்ச்சல் என்று மாதம் ஒரு தாள். நான் எழுதினேன். எண் போடவில்லை. கரையில் வேலைக்கு மாற்றிக்கொள்ள அப்பாவுக்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது. இரண்டு முறையும் வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தார். இதைக் கேட்டபோது அம்மா, "அவருக்கு அங்கதான் சொகம்" என்றாள்.

ஓய்வு பெற்று வந்தபோது அப்பாவுக்குப் பேசுவதே கொஞ்சம் மறந்துபோயிருந்தது. மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பார். நான் கருவியியல் படித்து முடித்து, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். ஆலையில் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கோளாறு வந்தால் எந்த எச்சரிக்கை திரையில் முதலில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்துவது என் வேலைகளில் ஒன்று. அந்த வேலையை எனக்குக் கொடுத்த அன்று மாலை நேராகக் கடற்கரைக்குப் போனேன். அப்பா சுவரில் உட்கார்ந்து, நம் கலங்கரை விளக்கம் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்ததைப் பார்த்து உதட்டுக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தக் கடுதாசிய நான்தான் அடியில வெச்சேன்."

எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒரு சுற்று முடிந்த பிறகு சொன்னார். "தெரியும்மா. உன் கையெழுத்துதானே."

"எப்ப பாத்தீங்க?"

"வயர்லெஸ்ல சொன்ன அன்னிக்கி. அதுக்கு மொத நாளு பதினஞ்சு படிச்சிருந்தேன். மிச்சத்தயெல்லாம் ஒரே தடவயா பிரிச்சேன். கடசியில அது இருந்துச்சி."

"அம்மாகிட்ட ஏன் அப்டி சொன்னீங்க?"

"படகு வர்ற வரைக்கும் பதினஞ்சு நாளு இருந்துது, யோசிக்க. உம்மேல அவளுக்குக் கோவம் வந்தா, நீ அந்த வூட்லயே அவகூடத்தான் இருக்கணும். தெனம். எம்மேல வந்தா, நான் தீவுக்குப் போயிடலாம்."

"இப்ப சொல்லிடறேன்பா. இப்ப நான் பெரியவதானே" என்றேன்.

"இப்ப சொன்னா, இத்தினி வருசம் எங்கூட பேசாம இருந்தாளே, அத அவ எங்க கொண்டு போயி வெப்பா? நான் இருக்கற வரைக்கும் வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் ஆலையில் இப்படி ஒரு கோளாறு நடந்தால் அறிக்கை எழுதுவோம். என்ன நடந்தது, யார் செய்தார், எப்போது தெரிந்தது, ஏன் உடனே சொல்லவில்லை. நான்கு கேள்விக்கும் என்னிடம் விடை இருந்தது. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்க முடியவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் படகில் அவர் ஏறியிருந்தால், காரைக்கால்காரர் வந்த அன்று அவர் வந்திருப்பார். எட்டு நாள் தன் மகனைப் பார்த்திருப்பார். நான் அவரிடமிருந்து எடுத்தது எட்டு நாள். அவர் எனக்காகக் கொடுத்தது மீதி எல்லா நாளும்.

போன வருடம் அப்பா இறந்துபோனார். தூக்கத்தில். அம்மா அழுதாள். ஆனால் வந்தவர்கள் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை. அத்தைகள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சத்தியத்துக்கு அதோடு காலம் முடிந்தது. இருந்தாலும் எனக்கு ஒரு வருடம் பிடித்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா டிவியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்ததும் வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்தாள். நான் அப்போது சொன்னேன்.

"அம்மா. ஆஸ்பத்திரியில நீ எழுதிக் குடுத்த கடுதாசிய அப்பா மொதல்ல படிக்கல. நான் மேல வெக்கல. இருவத்தெட்டுன்னு நம்பர் போட்டு அடியில வெச்சேன். அவரு அதப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சோப்பு விளம்பரம் ஒன்று சத்தமில்லாமல் ஓடியது.

"உங்கப்பா மொதல்ல படிச்சேன்னாரு."

"பொய் சொன்னாரும்மா. எனக்காக."

"அவரு பொய் சொல்ல மாட்டாரு."

"அம்மா, நான்தான் வெச்சேன். எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பினாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற முகம். "இங்க பாரு. அந்த மனுசங்கூட நான் ஒழுங்கா பேசி இருவத்தாறு வருசம் ஆவுது. அவருகிட்ட எனக்கு ஆயிரம் கொற இருந்துச்சி. ஆனா அந்த எடத்துல வேற ஆம்பளயா இருந்தா, கடுதாசி கெடைக்கல, லேட்டாப் பாத்தேன், படகு போயிட்டுதுன்னு எதனா சொல்லித் தப்பிச்சிருப்பான். அவரு அப்டி சொல்லல. படிச்சேன், வரலன்னு ஒத்துக்கினாரு. அந்த ஒண்ணுக்காகத்தான் கடசி வரைக்கும் அவருக்கு என் கையால சோறு போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"செத்தவர நல்லவராக் காட்டணும்னு நீ பழிய ஏத்துக்காத. அவருக்கே அது புடிக்காது."

சொல்வதற்கு என்னிடம் இன்னும் இருந்தன. கடலூர்க்காரர் உயிரோடுதான் இருக்கிறார். அவருடைய எண் என் போனில் இருக்கிறது. வாசற்படியில் நான் சொன்ன சேதியை அவர் மறந்திருக்க மாட்டார். அம்மாவுக்கு எதிரே போனை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு நிமிட வேலை. என் தொழிலில் அதைத்தான் செய்வோம். ஆனால் அப்பாவைப் பற்றி அம்மா கையில் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதையும் நான் பிடுங்க வேண்டியிருக்கும்.

"சரிம்மா" என்றேன்.

தொடர் மறுபடி தொடங்கியது. அவள் சத்தத்தைக் கூட்டவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"கொழந்தய நீ பாத்த இல்ல?"

இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"பாத்தேன்மா. கண்ணாடி வழியா."

"காது அப்டியே அவரு காது" என்றாள். "மேல மடிப்பு கூட அப்டியே. அவருதான் பாக்கல."